சொல்லின்மேல் சொல் செலுத்தும் ஆணை

அமெரிக்காவில் பிறந்து, வழக்கறிஞராயிருந்து, பின்னர் இங்கிலாந்தின் யார்க் நகரத்தருகே குடியேறிய லிண்ட்லி மர்ரே என்பார், 1795-இல் வெளியிட்ட ஆங்கில வியாகரணத்தில், வாக்கியத்துள் சொற்கள் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தை இயைபு என்றும் ஆட்சி என்றும் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்.

‘அவன் வந்தான், அவள் வந்தாள்’ என்று பேசிப் பழகிய நமக்கு இயைபு புதிதன்று. ஆங்கில வினையோ பாலைப் பொருட்படுத்துவதேயில்லை. ‘ஐ ரன்’, ‘தே ரன்’ என்று மாறாது நின்று, படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் மாத்திரம் ‘ஷி ரன்ஸ்’ என ஓர் ஒலியை ஏற்கிறது. ஆட்சியென்பது, ஒரு சொல் தன்னை அடுத்த சொல்லின் உருவத்தை நிர்ணயிப்பது. ‘ஹீ’ என்னும் பிரதிப்பெயர் ‘வித்’ என்பதன் பின் வந்தவுடன் ‘ஹிம்’ ஆகிவிடுகிறது.

இவ்வளவு சொற்பமான அடையாளங்களோடு அம்மொழி ஆதியில் இருந்ததில்லை. 1066-இல் நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முந்திய ஆங்கிலத்தில் ‘ஸே க்யுனிங்’ என்றால் அரசன், ‘தோனே க்யுனிங்’ என்றால் அரசனை. பெயர்ச்சொல் அசையாமல் நிற்க, அதன் முன்னின்ற சிறு சொல்லே வேற்றுமையைத் தாங்கிற்று. ஆகவே, நம் மொழியிற்போலவே, அரசனை வாக்கியத்தின் முதலில் வைத்தாலும் கடையில் வைத்தாலும், அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்ற சந்தேகம் பெரும்பாலும் எழவில்லை. அவ்வடையாளங்கள் தேய்ந்து மறைந்தபின், கர்த்தாவையும் கர்மத்தையும் பிரித்தறிவிக்கும் பொறுப்பு ஸ்தானத்தின்மேல் விழுந்தது. வினைக்கு முன் நிற்பவன் அடித்தவன், பின் நிற்பவன் அடிபட்டவன்.

நம் மாணவர்கள் மிகுதியும் இடறும் இடம் இங்கேதான் இருக்கிறதென்பது என் எண்ணம். ஸ்தானத்துக்கு இத்தனை அதிகாரம் வாய்த்த மொழியில், அருகிலுள்ள சொல் காதை இழுத்துக்கொள்கிறது. ‘த பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்’ என்று தொடங்கியவன், வினைக்குப் பக்கத்தில் நிற்கும் பழங்களின் பன்மையில் மயங்கி, ‘ஆர்’ என்று முடித்துவிடுகிறான். எழுவாய் தூரத்தே நிற்கும் பெட்டியாகிய ஒருமையாதலால் ‘இஸ்’ என்பதே முறை. ஆங்கிலேயரும் இதில் தவறுவதுண்டு.

ஆட்சியையும் தூரம் தளர்த்துகிறது. ‘டு ஹூம்’ என்று ஒட்டி நிற்குமிடத்தில் இன்றும் அழியாதிருக்கும் அந்த மகர ஒலி, ‘டு’ என்பது பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுமானால், அவர்கள் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் உதிர்ந்து, ‘ஹூ டிட் யு ஸ்பீக் டு’ என்றே ஒலிக்கிறது.