ப்ளஸ் டூ முடிச்சதும் ஒரு வருஷம் கேப் விடலாமா? காலேஜைத் தள்ளிப்போடும் முன் இதைப் பாருங்க

"எனக்கு இன்னும் ரெடியான மாதிரி தோணலை. அடுத்த வருஷம் சேர்ந்துக்கிறேன்." ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஆத்தூர் பக்கம் ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் வீட்டில் என்ன செய்வது? திட்டவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். எந்தப் படிப்புக்காகக் காத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்க.

காத்திருந்தால் என்ன மாறும்?

பொறியியல் கலந்தாய்வுக்குப் பார்ப்பது ப்ளஸ் டூவில் எடுத்த கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க். வயது வரம்பு இல்லை, அடுத்த வருஷமும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே மார்க்தான்; சும்மா காத்திருந்தால் கட் ஆஃப் கூடப்போவதில்லை.

நீட் கதை வேறு. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு இப்போது இல்லை. 2020-21-ல் தமிழ்நாட்டில் மருத்துவ சீட் வாங்கியவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் ரிப்பீட்டர்கள் என்கிறது நீதிபதி ஏ.கே.ராஜன் குழு அறிக்கை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கேப் விட்டதால் பறிபோகாது. ஆனால் கோச்சிங், ஹாஸ்டல் செலவைத் தாங்க முடியுமா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்க.

ஐஐடி கனவு என்றால் கெடு உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டு அடுத்தடுத்த 2 ஆண்டுகளில் 2 முறைதான்.

'ரெடியா இல்லை' என்றால் என்ன அர்த்தம்?

பல நேரம் அது இங்கிலீஷ் பயம். தமிழ் மீடியத்தில் படித்தவருக்கு அது நியாயமான பயம்தான். ஆனால் வீட்டில் ஒரு வருஷம் உட்கார்ந்தால் போய்விடுமா? வடசென்னிமலையில் இருக்கும் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கு ஆத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரலாம். சேர்ந்த பிறகு தயாராவதும் ஒரு வழிதான்.

பணக் கஷ்டமா? புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். வீட்டில் இருக்கும் வருஷத்துக்கு வராது.

உடம்போ மனசோ உண்மையிலேயே சரியில்லை என்றால் தாராளமாக நிறுத்துங்க. டாக்டரைப் பாருங்க. மனநல ஆலோசனைக்கு 14416, கட்டணம் கிடையாது.

திரும்பி வருவதுதான் கஷ்டம்

பையன் சேகோ ஃபேக்டரிக்கோ கடை வேலைக்கோ போய் மாதச் சம்பளம் கையில் வந்துவிட்டால், மறுபடி நோட்டைத் தூக்க மனசு வராது. பெண் பிள்ளை என்றால் "சும்மாதானே இருக்கா" என்று வரன் பேச்சு ஆரம்பிக்கும். நம்ம ஊரில் கேப் வருஷத்தின் பெரிய ஆபத்து இதுதான். அதனால் நிறுத்துவதாக இருந்தால், எந்தத் தேர்வுக்கு, எந்த மாதம் விண்ணப்பம் என்பதை வீட்டில் எல்லோரும் அறிய எழுதி வையுங்க. டிசி, சாதி, வருமானச் சான்றுகளையும் தயாராக வையுங்க.

ஏற்கெனவே சேராமல் விட்டவர்களுக்காக 'நான் முதல்வன்' திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடத்தப்படுகின்றன. உங்க பகுதி முகாம் எப்போது என்று படித்த பள்ளியிலேயே கேட்டுப் பாருங்க.