நிலத்தடி ஏடுகள் – 9: காமாக் கோடு ஏமாற்றும் இடம்

பவானி ஆற்றின் மேற்பகுதியிலுள்ள அகளியில் போர்வெல் போடும்போது மேல்மண்ணும் சிதைந்த பாறையும் கழிந்தவுடன் கடினமான நைஸ் பாறை வந்துவிடும். எவ்வளவு ஆழம் போனாலும் படிவு அடுக்கு கிடையாது, தண்ணீர் விரிசலில்தான். கிணற்றுத் தரவைக் கொண்டு படிவுப் பாறைகளை வாசிக்கக் கற்கும் மாணவர் பவானி ஓடும் திசையிலேயே இறங்கி, காவிரிப் படுகைக்குப் போக வேண்டும்.

கோண்டுவானா கண்டம் பிளந்தபோது அங்கே நிலம் உள்வாங்கிப் பள்ளங்கள் உண்டாயின. மேற்கே இருந்த படிகப் பாறை மேடுகள் கரைந்து அவற்றை நிரப்பின. சில இடங்களில் படிவின் கனம் 5 கி.மீ.க்கும் மேல். எண்ணெய் தேடித் துளையிட்ட ஓ.என்.ஜி.சி.யின் கிணறுகள் வழியே இந்த அடுக்குகள் அறியப்பட்டன. ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம் என்று நம் ஊர்ப் பெயர்களையே அவை தாங்கியிருக்கின்றன.

கிணறு தரும் சான்று மூன்று வகை. துளைக்கும்போது சேற்று நீரோடு மேலே வரும் பாறைத் துகள்கள் முதல் வகை. அவை மேலே வந்துசேர நேரமாகும். வழியில் மேலடுக்குத் துகள்களும் கலந்துவிடும். எனவே ஆழத்தைத் திருத்திக் கணக்கிட வேண்டும். இரண்டாவது, உருளையாக வெட்டி எடுக்கும் கோர். செலவு அதிகம் என்பதால் சில அடிகளுக்கே கிடைக்கும். மூன்றாவது, கருவிகளை இறக்கி அளக்கும் லாக். 1927இல் பிரான்சின் பெஷெல்பிரானில் ஷ்லம்பெர்ஜர் நிறுவனத்தார் மின்தடையை அளந்ததில் தொடங்கிய முறை இது.

வகுப்பில் முதலில் கையில் தரப்படுவது காமா லாக். களிப்பாறையில் காமாக் கதிர் வீசும் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் அதிகம். அதனால் கோடு வலப்பக்கம் ஏறும். தூய மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இடப்பக்கம் இறங்கும். கீழிருந்து மேலாகக் கோடு மெல்ல வலம் சாய்ந்தால் மணல் நுண்மையாகிறது என்று பொருள். ஆற்றுக் கால்வாய் நிரம்பிய தடமாக இருக்கலாம். மெல்ல இடம் சாய்ந்தால், கடலை நோக்கி முன்னேறிய கழிமுகம் என்று கருத இடமுண்டு.

ஆனால் ஆண்டிமடம் அடுக்கில் இந்தப் பாடம் சறுக்கும். அந்த மணற்கல் படிகப் பாறைகளிலிருந்து அதிக தூரம் உருளாமல் வந்தது. ஃபெல்ஸ்பாரும் மைக்காவும் சிதையாமல் அதில் தங்கிவிட்டன. அவற்றின் பொட்டாசியத்தால் காமாக் கோடு களிப்பாறை போலவே ஏறும். அவசரப்படும் மாணவர் எண்ணெய் தங்கக்கூடிய மணலைக் களி என்று ஒதுக்கிவிடுவார். அடர்த்தி, நியூட்ரான் லாக்குகளைப் பக்கத்தில் வைத்து, துகள்களையும் உருப்பெருக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். நெய்வேலியில் சிக்கல் வேறு: காமாவில் பழுப்பு நிலக்கரி மணல் போலத் தோன்றலாம். அடர்த்தி மிகவும் தாழ்வதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

பின்னர் கிணற்றுக்குக் கிணறு இணைக்கும் வேலை. மணல் குறுகிய தூரத்திலேயே மெலிந்து மறையும். சாத்தப்பாடி போன்ற கடலடிக் களி பரவலாகக் கிடப்பதால், அதை அடையாளக் கோடாகப் பிடித்து மற்ற அடுக்குகளை அதை வைத்துப் பொருத்துவதே பாதுகாப்பு.

ஏறத்தாழ அதே காலத்துக் களி, பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் அம்மோனைட் புதைபடிவங்களுடன் வெயிலில் திறந்து கிடக்கிறது. லாக் வகுப்புக்கு முன்பே மாணவர்களை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும். களியைக் கையால் தொட்டறியாதவருக்குத் திரையில் தெரியும் கோட்டைச் சந்தேகிக்கத் தெரியாது.