உங்களுக்குத் தெரியுமா? வால்வைச் சோதிக்க உள்ளங்கைச் சூடு போதும்!

குளிர்பதனக் கிடங்கின் எக்ஸ்பான்ஷன் வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க, அதைக் கழற்ற வேண்டியதில்லை. வால்விலிருந்து மெல்லிய குழாயில் நீளும் உணர்குமிழை மட்டும் காயிலின் வெளிக்குழாயிலிருந்து எடுத்து, கையில் பொத்திப் பிடியுங்கள். சூட்டில் குமிழுக்குள் அழுத்தம் கூடி வால்வு திறக்கும். சக்‌ஷன் கேஜின் முள் ஏறும். ஐஸ் தண்ணீரில் முக்கினால் முள் இறங்கும்.

● இரண்டுக்கும் முள் அசையவில்லையா? குமிழின் வாயு கசிந்திருக்கலாம், அல்லது வால்வு அடைத்திருக்கலாம்.

● வெந்நீர்த் துணியை வால்வின் மேல் சுற்றியதும் குளிர்ச்சி திரும்பினால், உள்ளே உறைந்த ஈரமே காரணம். டிரையரை மாற்றுங்கள்.

● புது வால்வைப் பற்றவைக்கும்போது அதன் உடலில் ஈரத்துணி சுற்றுவது கட்டாயம். இல்லையேல் பொருத்தும்போதே அது பழுதாகிவிடும்.