இரு திருக்குளங்கள், ஒரு வேண்டுதல்

அமிர்தசரஸ் செல்லும் நம்மவர் பெரும்பாலும் பொற்கோயிலையும் ஜாலியன்வாலா பாகையும் கண்டு, மாலையில் வாகா எல்லைக்குச் சென்று திரும்பிவிடுகின்றனர். பொற்கோயிலிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் துர்கியானா என்னும் இந்துக் கோயில் ஒன்றும் உள்ளது. இரண்டையும் ஒரே நாளில் தரிசிக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. அப்பயணத்தின்போது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே மனத்தில் இருந்த வேண்டுதலும் ஒன்றுதான்.

இத்தகைய வேளையில் நாம் செய்வது அர்ச்சனை. சீட்டு வாங்கி, பெயரும் நட்சத்திரமும் சொல்லி, அவை கருவறை முன் ஒலிப்பதைக் கேட்டதும் பாரம் குறைந்தது போன்ற ஆறுதல் பிறக்கிறது. பொற்கோயிலில் அந்த முறை இல்லை. காலணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்து, தலையை மூடி, வாயிலில் ஓடும் நீரில் கால் நனைத்து, படிகளில் இறங்கித்தான் திருக்குளத்தை அடைய வேண்டும். பொதுவாகக் கோயில்கள் உயர்ந்த இடத்தில் அமைய, இக்கோயிலோ சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்த இடத்தில் அமைந்துள்ளது. நான்கு திசைகளிலும் வாயில்கள் உண்டு. எத்திசையிலிருந்து வருவோருக்கும், எக்குலத்தில் பிறந்தோருக்கும் இது திறந்தது என்பதே அதன் பொருள் என்பர்.

ஐந்தாம் குருவான குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தம் 1604ஆம் ஆண்டு இங்கு எழுந்தருளச் செய்யப்பட்டது. உள்ளே விக்கிரகம் இல்லை, அத்திருநூலே வணக்கத்துக்குரியது. சீக்கிய குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாசர், சூபி ஞானியான ஷேக் பரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் இடம்பெற்றுள்ளன. விடியலுக்கு முன் அந்நூல் பல்லக்கில் கொண்டுவரப்படுகிறது. இரவில் மீண்டும் பல்லக்கிலேயே அகால் தக்த் சென்று ஓய்வு கொள்கிறது. நம் கோயில்களில் பள்ளியறைச் சேவையைக் கண்ட கண்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

சீக்கியர்களின் பொதுப் பிரார்த்தனைக்கு 'அர்தாஸ்' என்று பெயர். அனைவரும் எழுந்து நின்று கைகூப்பி வேண்டுவர். தனிப்பட்ட குறைகளைச் சொல்லி அர்தாஸ் செய்விப்பதும் உண்டு. ஆயினும் எந்த வேண்டுதலாயினும் அது அனைவரின் நலமும் வேண்டியே நிறைவுறும். நம் கோயில்களிலும் பூசை முடிவில் உலக நலம் வேண்டி வாழ்த்து ஓதப்படுகிறது. நாம்தான் அவ்வேளையில் திருநீற்றுக்கும் குங்குமத்துக்கும் கை நீட்டியபடி நிற்கிறோம்.

அந்த நிறைவு வரியின் செயல்வடிவமே லங்கர் எனப்படும் சமபந்தி. வங்கிப் பணியில் பெயரும் கையொப்பமும் இன்றி எதுவும் நடைபெறாது. இங்கோ பெயரைக் கேட்பார் எவருமில்லை. வரிசையாகத் தரையில் அமர்ந்து, ரொட்டியை இரு கைகளையும் ஏந்திப் பெறவேண்டும். பகலும் இரவும் ஓயாத இப்பந்தியில் நாள்தோறும் பல்லாயிரக்கணக்கானோர் உண்கின்றனர். மாவு பிசைவோரும் பாத்திரம் துலக்குவோரும் பெரும்பாலும் எங்களைப் போல வந்து சென்ற பக்தர்களே. நாங்களும் ஒரு மணி நேரம் தட்டுகளைக் கழுவினோம். அதுவரை நெஞ்சை அழுத்திய அச்சம் அந்த ஒரு மணி நேரம் விலகியிருந்தது.

பின்னர் துர்கியானா சென்றோம். 1920களில் பொற்கோயிலின் அமைப்பைத் தழுவி எழுந்த இக்கோயிலும் திருக்குளத்தின் நடுவே நிற்கிறது. வேலைப்பாடு மிக்க வெள்ளிக் கதவுகள் இதன் சிறப்பு. இலட்சுமி நாராயணர் இங்கு எழுந்தருளியுள்ளார். வளாகத்தில் சீதளா மாதாவுக்கும் அனுமனுக்கும் சன்னதிகள் உண்டு. நவராத்திரி நாட்களில் குழந்தைகளுக்குச் சிவப்பு உடை அணிவித்து, வானர வேடமிட்டு, மேளம் முழங்க அனுமன் சன்னதிக்கு அழைத்து வருவர். பிள்ளை வரம் வேண்டிப் பெற்றவர்கள் செலுத்தும் நேர்த்திக்கடன் அது. பழனியிலும் திருப்பதியிலும் குழந்தைக்கு முடியிறக்கும் பெற்றோரின் உள்ளமும் இதுவே.

ஆகவே, தனக்காக வேண்டுவது தாழ்ந்தது என்று எங்களால் கருத இயலவில்லை. துன்பம் வரும்போது பெயர் சொல்லி அழைக்க ஒரு தெய்வம் வேண்டும். ஆனால் வேண்டுதல் நம் வாசலோடு நின்றுவிடலாகாது. இதய நோயாளி ஒருவருக்காக வேண்டும்போது, அதே மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் மற்றவர்களையும் நினைப்பதற்கு ஒரு கணமே ஆகும். துர்கியானாவில் நாங்கள் அவ்வாறே வேண்டினோம். எங்கள் உறவினர் நலமுடன் வீடு திரும்பினார். அதனை வேண்டுதலின் பலன் என்று நிறுவ முற்படவில்லை. காத்திருந்த நாட்களைத் தாங்கும் வலிமையை அது தந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வோம்.

அமிர்தசரஸ் செல்லும் வாசகர்கள் தலையை மூடத் துணியொன்று எடுத்துச் செல்லுங்கள். புகையிலைப் பொருட்களைக் கண்டிப்பாகத் தவிர்த்திடுங்கள். பொற்கோயில் கருவறைக்குள் படம் எடுத்தல் கூடாது. கூட்டம் குறைவாக இருக்கும் அதிகாலையே தரிசனத்துக்கு ஏற்றது. தரிசனம் முடிந்ததும் லங்கரில் உண்டு எழுந்து, சற்று நேரம் பாத்திரம் துலக்கிவிட்டு வாருங்கள். ஊர் திரும்பியபின் உங்கள் தெருக்கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது, வீட்டார் பெயர்களோடு வெளியார் ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.