கதை எழுதவும் விசா உண்டு

ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, ஆயிரம் விளக்கில் இறங்கினால் ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம் பக்கம்தான். கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி அங்கே நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவர்கள். கதை எழுதப் படிக்கவும் அதே மாணவர் விசாதான் என்றால் வீட்டில் சிரிப்பார்கள்.

ஆனால் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936 முதல் நடக்கிறது. இரண்டாண்டுப் படிப்பு. மாணவர் எழுதியதை வகுப்பே படித்து வந்து அலசும். எழுதியவர் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும் என்பது பழைய மரபு. (நம் இலக்கியக் கூட்டங்களில் இது நடக்குமா?) கறுப்பினக் கவிஞர் மார்கரெட் வாக்கர் 1940இல் தன் கவிதைகளையே ஆய்வேடாகக் கொடுத்து அங்கே முதுகலை பெற்றார். பின்னர் அடிமையாக வாழ்ந்த கொள்ளுப்பாட்டியின் கதையை நாவலாக்கி, அதற்கு 1965இல் முனைவர் பட்டமும் வாங்கினார்.

இன்னொரு கறுப்பின எழுத்தாளரான ஜேம்ஸ் பால்ட்வினோ கல்லூரிப் பக்கமே போனதில்லை. அமெரிக்க நிறவெறியில் மூச்சுமுட்டி 1948இல், 24 வயதில், சுமார் 40 டாலரோடு பாரிஸ் போய் இறங்கினார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதித் தேவாலயம் ஒன்றைப் பற்றிய அவருடைய முதல் நாவல் முடிந்ததோ சுவிஸ் மலைக்கிராமம் ஒன்றில். துணைக்கு ஒரு தட்டச்சுப்பொறியும் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளும். அந்தப் பாட்டில்தான் சின்ன வயதுப் பேச்சு திரும்பக் காதில் விழுந்தது என்றார் அவர்.

தமிழில் பால்ட்வினுக்கு நெருங்கிய ஆள் எழுத்தாளர் ஷோபாசக்தி. இலங்கையின் அல்லைப்பிட்டிக்காரர், 1993இல் பிரான்சுக்கு அகதியாகப் போனவர். பாரிஸில் இருந்துகொண்டு தன் தீவையும் விடுதலைப் புலிகள் இயக்கத்தையும் ‘கொரில்லா’ நாவலில் எழுதினார். அந்தப் புத்தகத்தைப் படிக்கையில் ஐஃபல் கோபுரம் நினைவுக்கே வராது.

அசோகமித்திரன் கதை வேறு. ஜெமினி ஸ்டுடியோவில் 14 வருடம் வேலை பார்த்தவர், 1973இல் அயோவாவின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார். அங்கே பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. பல நாட்டு எழுத்தாளர்கள் சேர்ந்து தங்கினார்கள், அவ்வளவுதான். ஊர் திரும்பி அவர் எழுதிய ‘ஒற்றன்!’ 1985இல் வந்தது. அதில் எத்தியோப்பிய எழுத்தாளர் ஒருவரின் கோபம் இருக்கிறது, நாவலுக்குப் படம் வரைந்து திட்டம் போடும் பெரு நாட்டுக்காரர் இருக்கிறார், பனியில் திண்டாடும் ஒரு மெட்ராஸ்காரரும் இருக்கிறார். வெளியூர் போனவர்கள் சொந்த ஊரை எழுத, இவர் தி.நகருக்குத் திரும்பி வந்து அயோவாவை எழுதினார்.