தரையோடு தவழும் காற்று

மே மாதத்து விடியற்காலை. திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு இரவு பஸ்ஸில் வந்து இறங்கினோம். மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததும் வழக்கம்போல என் கை சுவரில் சுவிட்சைத் தேடிப் போனது. பின்னால் நின்ற அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"லைட்டைப் போடாதே. நகரு."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருட்டிலேயே உள்ளே போனார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அடுத்து அடுக்களை ஜன்னல். பிறகு மேடைக்குக் கீழே குனிந்து ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்தார். பொழுது நன்றாக விடியும்வரை எங்களைத் திண்ணையைவிட்டு எழுந்திருக்க விடவில்லை. வெளிச்சத்தில் பார்த்தபோது, அடுப்போடு சேரும் இடத்தில் பச்சை ரப்பர் டியூபின் நுனி சூட்டில் காய்ந்து, நூலிழை அளவுக்கு வெடித்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிய ஓட்டத்தில் ரெகுலேட்டரை மூட மறந்துபோயிருந்தோம்.

அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அன்று அவர் செய்த ஒவ்வொரு காரியமும் இயற்பியல் சொல்லும் அதே முறையில் இருந்தது என்பதை நான் உணரப் பல வருடங்கள் ஆயின.

சிலிண்டருக்குள் இருப்பது காற்று போன்ற ஏதோ ஒன்று என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். தூக்கும்போது கவனித்துப் பாருங்கள், உள்ளே தளும்பும். அது திரவம். புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு பொருட்களின் கலவை. புரொப்பேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 42 டிகிரி. பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். நம் ஊர் வெயிலில் இரண்டுமே நொடியில் ஆவியாகிவிட வேண்டியவை. அழுத்திப் பிடித்து இரும்புக் கூட்டுக்குள் அடைத்திருப்பதால் மட்டுமே திரவமாக அடங்கிக் கிடக்கின்றன. கார் டயருக்குள் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் அந்தச் சிவப்புக் கூட்டுக்குள் எப்போதும் இருக்கிறது.

அடுப்பைப் பற்றவைத்ததும் மேற்புறத்து ஆவி கொஞ்சம் வெளியேறும். அழுத்தம் இம்மி குறையும். உடனே கீழே இருக்கும் திரவம் கொதித்து, போன ஆவியை ஈடுகட்டும். மேலே பர்னரில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, மேடைக்கு அடியில் சிலிண்டரும் ஓசையில்லாமல் கொதித்துக்கொண்டிருக்கிறது. சாம்பார் கொதிக்கச் சூடு தருவது தீ. சிலிண்டருக்குத் தன் இரும்பின் சூடும் அறைக் காற்றின் சூடுமே போதும். அதனால்தான் நெடுநேரம் சமைத்தபின் தொட்டால் சிலிண்டர் சில்லென்று இருக்கிறது, சில நாட்களில் வேர்த்தும் விடுகிறது. எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்க ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. திரவம் நிற்கும் மட்டம்வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்குமேல் சட்டென்று காய்ந்துவிடும். சிலிண்டருக்குள்ளே கண்ணை அனுப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கேஸ் தீரும் சமயத்தில் சிலிண்டரைச் சாய்த்தோ படுக்கவைத்தோ 'இன்னும் ஒரு நாள் ஓட்டும்' பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. இதை உடனே விட்டுவிட வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது வால்வுக்குக் கீழே இருப்பது ஆவி. படுத்தால் அங்கே திரவம் வந்து நிற்கும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் ஆவியாக விரியும். ரெகுலேட்டரும் அடுப்பும் ஆவிக்காகச் செய்யப்பட்டவை. திரவம் பாய்ந்தால் பர்னரில் எழும் தீ நம் கைக்கு அடங்காது.

ரெகுலேட்டர் என்ற சின்னப் பொருளுக்குரிய மதிப்பை நாம் கொடுப்பதில்லை. உள்ளே ஒரு ரப்பர் தகடு, ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். சிலிண்டரின் அழுத்தத்தை ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்காகக் குறைத்து, சிலிண்டர் புதிதாக இருந்தாலும் தீரப்போனாலும் அடுப்புக்கு ஒரே சீராக அனுப்புகிறது. அங்கிருந்து வரும் வாயு, பர்னரின் கழுத்தில் இருக்கும் ஓட்டை வழியாகக் காற்றை இழுத்துக் கலந்துகொண்டு, மேலே துளைகளில் நீலமாக எரிகிறது. தீ மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுத்தால், இந்தக் கலப்பில் காற்று போதவில்லை என்று பொருள். பர்னரை ஊறவைத்துத் துளைகளை ஊசியால் குத்தி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காசும் மிச்சம்.

பர்னரின் கழுத்துக்குள் நடக்கவேண்டிய அந்தக் கலப்பு அறை முழுவதும் நடந்துவிட்டால் அதுவே விபத்து. காற்றில் இந்த வாயு ஏறத்தாழ 1.8 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் பற்றாது. 9.5 சதவீதத்துக்கு மேல் போனாலும் பற்றாது, எரியக் காற்று போதாது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் ஒரு பொறி போதும். கதவைத் திறந்து இரண்டு நிமிடம் ஆனதும் 'வாடை குறைந்துவிட்டது' என்று லைட்டைப் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. வாயு மிகுந்து கிடந்த அறை, காற்று புகுந்து சுத்தமாகும் வழியில், அந்த ஆபத்தான நடுப்பகுதியைக் கடந்துதான் ஆக வேண்டும். அம்மா எங்களைத் திண்ணையில் உட்காரவைத்ததன் அருமை எனக்கு இங்கேதான் விளங்கியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டடி அகலம், பத்தடி நீளம், பத்தடி உயரம் என்று ஒரு நடுத்தர அடுக்களையை வைத்துக்கொள்வோம். அதில் அடங்கும் காற்று ஏறத்தாழ 22 கன மீட்டர். ஒரு கிலோ கேஸ் ஆவியானால் ஏறக்குறைய அரை கன மீட்டர் ஆகும், அதாவது அந்த அறையின் காற்றில் இரண்டு சதவீதம். 14.2 கிலோ சிலிண்டரில் ஒரே ஒரு கிலோ, கதவு ஜன்னல் சாத்திய அடுக்களை முழுவதையும் பற்றும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பெரிய பர்னர் ஒன்று மணிக்குச் சுமார் 150 கிராம் எரிக்கும். இரவு பால் பொங்கித் தீ அணைந்து, குமிழை யாரும் மூடாமல் தூங்கப் போய்விட்டால், விடிவதற்குள் அந்த ஒரு கிலோ வெளியே வந்திருக்கும்.

உண்மையில் ஒரு கிலோகூடத் தேவைப்படாது. இந்த வாயு அறை முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. புரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்த வாயு தண்ணீர்போலத் தரையில் இறங்கி, மேடைக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் சாக்கடைத் துவாரத்திலும் தேங்கும். தலைக்குமேல் இருக்கும் வென்டிலேட்டர் திறந்திருக்கிறது என்ற தைரியம் இதற்கு உதவாது. தரையைத் தொடும் கதவுதான் அதன் வழி. அம்மா ஜன்னலுக்கு முன்னால் கொல்லைக் கதவைத் திறந்தார். அவருக்கு அடர்த்தி என்ற சொல் தெரியாது, ஆனால் வாடை காலடியில் கனமாக இருந்ததை உணர்ந்திருந்தார். தமிழ்நாட்டின் சில நகரங்களில் இப்போது குழாய் வழியாக வீடுகளுக்கு வரத் தொடங்கியிருக்கும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறு. அது மீத்தேன், காற்றைவிட லேசு, கூரையில் போய்ச் சேரும். குழாய் எரிவாயுவுக்கு மாறுகிறவர்கள் மேல் ஜன்னலை அடைத்துவைக்கக் கூடாது.

அந்த வாடை கேஸின் சொந்த வாடை அல்ல. புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் அப்படியொரு வாடை கிடையாது. எத்தில் மெர்காப்டான் என்ற கந்தகப் பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸை நினைவூட்டும் அந்த நெடியை, காற்றில் நூறு கோடிக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்கிறது. தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே வாடை தெரிய வேண்டும் என்பதுதான் கலக்கும்போது வைத்திருக்கும் அளவுகோல். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அடியில், வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. பட்டறை வகுப்பில் ஒரு மின்சார இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டபோது எழுந்த பொறியில் கட்டடமே சிதறியது என்கிறார்கள். ஏறத்தாழ முந்நூறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் எரிவாயுவில் வாடை சேர்க்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் போட்டது, உலகமும் அந்த வழக்கத்துக்கு வந்தது. நம் அடுக்களையில் மூக்கைச் சுளிக்கவைக்கும் நெடி அந்தக் குழந்தைகள் விட்டுச்சென்ற எச்சரிக்கை.

மூக்கை முழுக்க நம்பவும் கூடாது. ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் மூக்கு பழகிப்போய், இல்லை என்று சொல்லிவிடும். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்குத் தெரியாத வாடை, வெளியிலிருந்து வருகிறவருக்கு வாசலிலேயே தெரிவது இதனால்தான். ஜலதோஷம் பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மோப்பம் மட்டு. பக்கத்து வீட்டுக்காரர் 'கேஸ் வாடை வருதே' என்றால் வாக்குவாதம் செய்யாமல் எழுந்து பாருங்கள்.

சுவிட்ச் விஷயத்துக்கு வருகிறேன். போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே உலோக முனைகள் தொட்டுப் பிரிகையில் நம் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று பறக்கும். காற்றில் சரியான அளவில் கலந்த புரொப்பேனைப் பற்றவைக்க ஏறத்தாழ 0.25 மில்லிஜூல் ஆற்றல் போதும். எவ்வளவு குறைவு என்றால், ஒரு மிளகை முழங்கால் உயரத்திலிருந்து நழுவவிட்டால் அது தரையில் மோதும்போது இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ அவ்வளவுதான். எந்த சுவிட்சின் பொறியிலும் இதைவிட அதிகம் உண்டு. எரியும் லைட்டை அணைப்பதும், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும், காலிங் பெல்லை அழுத்துவதும், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவதும் எல்லாம் ஒன்றே. வாடையை வெளியேற்ற ஃபேனைப் போடுகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் போடுகிறார்கள். அந்த ஒரு பொறியே போதுமானதாகிவிடுகிறது.

'சிலிண்டர் வெடித்து விபத்து' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்தும். பல விபத்துகளில் சுவர் இடிந்து கதவு பறந்திருக்கும், சிலிண்டர் மட்டும் முழுசாக நின்றுகொண்டிருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதித்த இரும்பு அது. நெடுநேரம் தீயில் வெந்தால் அதுவும் வெடிக்கும், ஆகவே தீ சூழ்ந்த சிலிண்டரின் அருகே யாரும் போகக் கூடாது. மற்றபடி வெடித்தது அறையின் காற்று. சிலிண்டர் மேல் பழியைப் போடும்போது, டியூபையும் குமிழையும் சுவிட்சையும் நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம் வருடம். அந்தக் காலாண்டுக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். சீல் உடைத்ததும், வால்வின் வாய்க்குள் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று கொண்டுவருபவரையே பார்க்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கம் யாரிடமும் மிச்சம் இருக்கவே கூடாது. டியூப் கம்பிவலை வைத்த ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு டியூபாக இருக்கட்டும், அதையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டியூபின் மேலேயே வருடம் அச்சிட்டிருக்கும். இரவு படுக்கும்போதும் வெளியூர் போகும்போதும் ரெகுலேட்டரை மூடுங்கள்.

அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், அன்றைக்கு எப்படித் தெரிந்தது என்று. "முதல் சிலிண்டர் கொண்டுவந்து மாட்டின தம்பி சொல்லிக் குடுத்துட்டுப் போனான்" என்றார். இருபது வருடங்களுக்கு முன்னால் வாசலில் நின்று யாரோ ஒருவர் ஐந்து நிமிடம் செலவழித்துச் சொன்னது எங்கள் உயிரைக் காத்திருக்கிறது.

உங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே அடுக்களைக்கு அழைத்துப்போய் ரெகுலேட்டரைக் காட்டுங்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே, கதவைத் திற, வெளியே வா என்று சொல்லிக்கொடுங்கள். வெளியே வந்தபின் போனில் அழைக்க வேண்டிய எண் 1906. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.