காப்புப் படியும் அதன் விதியும்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் முந்தானையில் ஒரு மயில் அமைய வேண்டுமானால், அது முதலில் அட்டையில் துளைகளாக மாற வேண்டும். ஊடை இழை ஒவ்வொரு முறை ஓடும்போதும் எந்தெந்தப் பாவு இழைகள் உயர வேண்டும் என்பதை அத்துளைகளே தறிக்குத் தெரிவிக்கின்றன. பிரான்ஸ் நாட்டு ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய முறை இது. ஓர் அட்டை கிழிந்தால் மயிலின் ஒரு வரிதான் பழுதாகும். அந்த அட்டையை மட்டும் மீண்டும் துளையிட்டுக் கொள்ளலாம்.

இன்று சேலை வடிவங்கள் கணிப்பொறியில் வரையப்படுகின்றன. மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிக்கு அட்டை தேவையில்லை. ஒரு கோப்பு போதும். வசதி பெருகியதுபோல் ஆபத்தும் பெருகியுள்ளது. கணிப்பொறியின் தட்டு பழுதானால் பல நூறு வடிவங்கள் ஒரே நொடியில் போய்விடும். நெசவாளரின் கூலிக் கணக்கும், பட்டும் ஜரிகையும் கொடுத்த கணக்கும் அதே தட்டில் இருந்தால் அவையும் உடன் போகும்.

இதற்காகவே மூலத்தின் பிரதி ஒன்றை வேறிடத்தில் வைக்கிறோம். அதுவே காப்புப் படி. துறையினர் இதனைப் 'பேக்கப்' என்பர்.

இதன் பயனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு தட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரு தட்டுகள் அதே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான். ஆனால் 'ஒன்றையொன்று சாராத' என்ற சொற்களை மறந்துவிடக் கூடாது. இரு தட்டுகளும் ஒரே அறையில் இருந்தால், ஒரு தீ இரண்டையும் எரித்துவிடும். அப்போது இந்தக் கணக்கு செல்லாது.

மேகம் காப்பாற்றுமா?

'மேகக் கணிப்பொறி' என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். நம் தரவுகள் வேறொருவருடைய கட்டடத்தில், வேறொருவருடைய கணிப்பொறிகளில் இருக்கின்றன என்பதே அதன் பொருள். அமேசான் நிறுவனம் இத்தகைய நிலையங்களை 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும் திறந்தது. அங்கே ஒரே தரவு பல தட்டுகளில் உடனுக்குடன் எழுதப்படுகிறது. தட்டு பழுதானால் இது நம்மைக் காக்கும். ஆனால் ஒருவர் தவறுதலாக ஒரு கணக்கை அழித்துவிட்டால், அந்த அழிப்பும் எல்லாத் தட்டுகளிலும் உடனுக்குடன் நடந்துவிடும்! ஆகவே மேகத்திலும் நேற்றைய நிலையை நேற்றைய நிலையாகவே வைத்திருக்கும் தனிப் படி வேண்டும்.

அந்தப் படியை எடுப்பதற்கு விதி ஒன்று வேண்டும். எத்தனை மணிக்கு ஒரு முறை எடுப்பது? எத்தனை நாள் வைத்திருப்பது? கெடுவுக்கு முன் அதை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டுவதா? இவற்றுக்கு விடை கூறும் விதித் தொகுப்பே 'பேக்கப் பாலிசி'.

கெடு எத்தனை முக்கியம் என்று பாருங்கள். தை மாதம் கூலிக் கணக்கில் புகுந்த பிழை, சித்திரையில் தணிக்கையின்போது தெரியவருகிறது. படிகளை 30 நாள் மட்டுமே வைத்திருந்தால், கையிலுள்ள அத்தனை படிகளிலும் அந்தப் பிழை இருக்கும். சரியான கணக்கு ஒன்றிலும் இராது.

மன்னர் வகுத்த விதி

படி எடுக்க விதி வகுப்பது நமக்குப் புதிதன்று. கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலை இடித்துக் கட்ட முதலாம் இராசராசன் 1013-ஆம் ஆண்டளவில் ஆணையிட்டான். இடிப்பதற்கு முன் அதன் சுவர்களிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும் அந்த ஆணையின் பகுதி. 1014-இல் மன்னன் மறைந்தான். ஆயினும் அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், 1026-ஆம் ஆண்டளவில், அந்தப் படியைக் கொண்டு கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஆணையிட்டவர் போனபின்னும் படி இருந்தது. அதிலிருந்து மூலமும் மீண்டது. ஓர் அலுவலகத்தில் பேக்கப் அமைத்த ஊழியர் மாற்றலாகிப் போனபின் நிலைமை என்ன? விதி அவர் நினைவில் மட்டும் இருந்தால், அவரோடு அதுவும் போய்விடும். வேறெவரும் கேட்டு அறியும்படி அது பதிவாகியிருக்க வேண்டும்.

கேட்டறியும் கட்டளை

தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழி 'எஸ்.கியூ.எல்.' ஐ.பி.எம். நிறுவனத்தில் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1970-களின் தொடக்கத்தில் இதனை வகுத்தனர். பேக்கப் பற்றிய கட்டளைகள் இம்மொழியின் பொதுத் தரத்தில் இல்லாததால், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று சொற்களை வகுத்துள்ளது. ஸ்னோஃபிளேக் என்ற மேகத் தரவுத்தளத்தில் 'ஷோ பேக்கப் பாலிசீஸ்' என்று தட்டினால் விதிகள் அட்டவணையாக வரும். விதியின் பெயர், உரியவர், கால அட்டவணை, எத்தனை நாளில் காலாவதி, பூட்டு உண்டா என்பவை அதில் இருக்கும். காக்ரோச்டிபி என்ற தளத்தில் இதே வேலைக்கு 'ஷோ ஷெட்யூல்ஸ் ஃபார் பேக்கப்' என்ற கட்டளை உண்டு.

அட்டவணையைக் கண்டதும் மனநிறைவு கொள்ளலாமா? கூடாது. ஸ்னோஃபிளேக்கில் விதி இருப்பது வேறு. அது ஒரு தரவோடு இணைக்கப்பட்டிருப்பது வேறு. இணைப்பை அறிய 'ஷோ பேக்கப் செட்ஸ்' என்று கேட்க வேண்டும். இணைத்தபின் உண்மையில் படிகள் உருவாயினவா என்பதை மூன்றாவதாக, அந்தத் தொகுதியிலுள்ள படிகளின் பட்டியலைக் கேட்டே அறிய முடியும். விதி, இணைப்பு, படி ஆகிய மூன்று பட்டியல்களும் ஒத்துப்போனால்தான் காப்பு உண்டு. இன்னொன்று: கேட்பவருக்கு உரிமையுள்ள விதிகள் மட்டுமே பட்டியலில் வரும். ஒரு விதி தென்படவில்லையெனில், அது இல்லை என்றும் இருக்கலாம், அதைக் காண நமக்கு உரிமை இல்லை என்றும் இருக்கலாம்.

பட்டியலில் இருப்பதைவிட இல்லாததைத் தேடுவதே முக்கியம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுக் கணிப்பொறி நிலையம் ஒன்றில், மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த 'ஜி-டிரைவ்' அழிந்தது. போனது 858 டெராபைட். பல அமைப்புகளுக்குப் படிகள் இருந்தன. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் இதற்கு வெளியில் படி எடுக்கப்படவில்லை.

ஆகவே கணக்கைக் கணிப்பொறியில் வைத்திருக்கும் சங்கமாயினும் பள்ளியாயினும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். காக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கணிப்பொறி தரும் பட்டியலை அதன் அருகில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். விடுபட்டதற்கு அன்றே விதி வகுத்து இணையுங்கள். பிறகு ஒரு படியை எடுத்து, வேறிடத்தில் மீட்டுத் திறந்து பாருங்கள். மூலம் கெட்டபின் முதன்முதலாக அதைத் திறக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.